கண்டிச் சீமைக் காணி விற்பனையும் அச்செழுத்தும்

ஏனைய பண்டங்களைச் சந்தைக்குக் கொண்டுசென்று விற்றல் கூடும். துணியை விரித்துக் காட்டலாம். நெல்லை அள்ளிக் காட்டலாம். காணியோ இருந்த இடத்திலேயே இருப்பது. வாங்குவோன் அதனிடம் செல்லல் வேண்டும். அன்றேல் அதனைப் பற்றிய சொல் அவனிடம் செல்லல் வேண்டும். எனவே காணி விற்பனையின் வரலாறு, ஒரு வகையில், காணியைப் பற்றி எழுதப்பட்டவற்றின் வரலாறுமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கண்டிச் சீமையின் மலைக்காடுகள் கோப்பித் தோட்டங்களாகவும் பின்னர் தேயிலைத் தோட்டங்களாகவும் கைமாறிய வரலாறு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அக்காணிகள் இருவகை எழுத்துகளால் விற்பனையாயின. ஒன்று சுருக்கமான அறிவித்தல். மற்றையது ஆண்டுதோறும் இடையறாது வெளிவந்த விரிவான எழுத்து. இவ்விரண்டும் ஆற்றிய பணியினையும், இவை சொல்லாது விட்டனவற்றையும் நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1815 ஆம் ஆண்டு மார்ச் 2 ஆம் நாள் கைச்சாத்திடப்பட்ட கண்டி ஒப்பந்தத்தோடு மலைநாடு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1820களிற் கொழும்பு–கண்டி வீதி அமைக்கப்பட்டது. ஜோர்ஜ் பேட் கம்பளைக்கு அண்மையிலும், தேசாதிபதி எட்வேட் பான்ஸ் பேராதனையை அடுத்த கன்னொறுவையிலும் கோப்பி பயிரிட்டனர். ஆயினும் பெருந்தொகையான காணி விற்பனைக்கு வழிவகுத்தது 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமேயாகும். காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாதும் கிடந்த நிலங்கள், மாறாக நிறுவப்படும்வரை, முடிக்குரியனவாகவே கொள்ளப்படும் என அச்சட்டம் விதித்தது. கண்டிப் பகுதியில் இடையிட்டுப் பயிரிடப்பட்ட சேனை நிலங்களும் இவ்விதியுள் அகப்பட்டன. உரிமை கோரியவன் சன்னசையோ வேறு சான்றையோ காட்டல் வேண்டும். தலைமுறை தலைமுறையாக உழைத்தமை மட்டும் போதுமான சான்றாகவில்லை. ஆகவே விற்பனைக்கு முன்னரே எழுத்தின் ஆட்சி தொடங்கிவிட்டது என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

அரசாங்கக் காணிகள் ஏலத்தில் விற்கப்பட்டன. தொடக்க விலை ஏக்கருக்கு ஐந்து சிலிங்காக இருந்து, 1844 இல் ஒரு பவுணாக உயர்த்தப்பட்டது. 1802 முதல் வெளிவந்த அரசாங்க வர்த்தமானியும் கொழும்புப் பத்திரிகைகளும் இத்தகைய அறிவித்தல்களுக்குக் களமாயின. காணி அமைந்த இடம், பரப்பளவு, ஏலம் நடைபெறும் நாள், தொடக்க விலை ஆகியவற்றுக்கு மேல் அறிவித்தலில் யாதும் வேண்டப்படவில்லை. ஏனெனில் முதற்கட்டத்தில் வாங்கியோருட் பலர் இந்நாட்டிலேயே இருந்தவர்கள். ஆளுநர் முதலாக அரசாங்க உத்தியோகத்தர், படையினர், நீதிபதிகள், மதகுருமார் எனப் பலரும் அக்காலத்திற் காணி வாங்கியமையை, குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற் 1859 இல் வெளிவந்த தமது நூலிற் பதிவு செய்துள்ளார். விற்பவரும் வாங்குபவரும் ஒரே அலுவலகத்தில் இருந்தவிடத்து விளக்கவுரைக்குத் தேவை யாது?

ஆனால் உள்ளூரிலிருந்த பணம் வரையறுக்கப்பட்டது. 1840களின் பிற்பகுதியிற் கோப்பி விலை வீழ்ச்சியுற்றுப் பல தோட்டங்கள் கைவிடப்பட்டன. மீண்டும் தோட்டத்தொழில் தழைப்பதற்குக் கடல் கடந்த முதல் தேவைப்பட்டது. ஸ்கொத்லாந்தில் இருந்த ஒருவனுக்கு ‘மாத்தளையில் முந்நூறு ஏக்கர்’ என்னும் அறிவித்தல் வெற்றுச் சொல்லேயாகும். மாத்தளை எங்குளது, மழை எப்போது பொழியும், விளைபொருள் துறைமுகத்தை எவ்வாறு அடையும், முதலிட்ட பணம் எத்தனை ஆண்டில் மீளும் என்னும் வினாக்களுக்கு விடை கிடைத்த பின்னரே அவன் பணத்தை அனுப்புவான். இவ்விடைகளை வழங்கியதே விரிவான எழுத்தாகும்.

இவ்வகையில் தலையாயவர்கள் பெர்கியூசன் குடும்பத்தினராவர். கொழும்பு வணிகரால் 1834 இல் தொடங்கப்பெற்ற ‘ஒப்சேவர்’ பத்திரிகையில் 1846 இல் இணைந்த ஏ. எம். பெர்கியூசன், 1859 இல் அதன் உரிமையாளரானார். 1861 இல் இலங்கை வந்த அவர்தம் மருமகன் ஜோன் பெர்கியூசன் அப்பணியைத் தொடர்ந்தார். தோட்டங்களின் பெயர், மாவட்டம், பரப்பு, உரிமையாளர், மேற்பார்வையாளர் ஆகிய விபரங்கள் பெர்கியூசன் விபரக்கொத்திற் பதிப்புக்குப் பதிப்பு திருத்தப்பட்டு வெளிவந்தன. கடல்கடந்த வாசகருக்கெனத் தனிப் பதிப்பொன்றும் கப்பலேறியது. 1866 இல் சபொனாடியேயின் கோப்பிச் செய்கை நூல் வெளிவந்தது. 1881 இல் ‘ற்றொப்பிக்கல் அக்ரிகல்ச்சறிஸ்ற்’ என்னும் திங்களிதழை இக்குடும்பத்தினர் தொடங்கினர். தோட்டத்துரைமார் கடிதங்களும், உரம் பற்றிய விவாதங்களும், நட்டக் கணக்குகளும் கூட அதில் இடம்பெற்றன. அறிவித்தல் ஒருவனது கண்ணைக் கவர்ந்தது எனின், இவ்வெழுத்து அவனது நம்பிக்கையைப் பெற்றது எனலாம். ஏலம் முடிந்ததும் அறிவித்தல் இறந்துவிடும். விபரக்கொத்தோ அடுத்த ஆண்டும் அலமாரியில் இருந்து பேசும்.

இவ்வெழுத்தின் நேர்மையைச் சோதித்தது ஓர் இலைநோயாகும். 1869 இல் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளிற் செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றின. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அனுப்பிய மாதிரியை ஆராய்ந்து இங்கிலாந்தில் அப்பூஞ்சணத்துக்குப் பெயரிட்டனர். எச்சரிக்கை அந்த ஆண்டிலேயே அச்சேறிவிட்டது. எனினும் கோப்பி விலை உயர்ந்திருந்தமையாற் காணி வெறி தணியவில்லை. திம்புளை, டிக்கோயா, மஸ்கெலியாக் காடுகள் 1870களிற் தொடர்ந்து அழிக்கப்பட்டன. 1878 அளவிற் கோப்பி நிலம் ஏறத்தாழ 2,75,000 ஏக்கரை எட்டியது. அடுத்த பத்தாண்டில் அத்தொழில் அழிந்தது. 1884 இல் ஓரியன்ரல் வங்கியும் முறிந்தது. உண்மை எழுதப்படாமையால் அன்று, எழுதப்பட்ட உண்மையை ஆசை படிக்க மறுத்தமையாலேயே பலர் கெட்டனர்.

ஆயின் அவ்வெழுத்து வீண்போகவில்லை. ஜேம்ஸ் ரெய்லர் 1867 இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி வீழ்ந்தபோது அவ்வனுபவம் இதழ்கள் வாயிலாகப் பரவியது. ஜோன் பெர்கியூசன் ‘1883 இல் இலங்கை’ என்னும் நூலை எழுதி, பின்னர் 1893 இலும் 1903 இலும் அதனைப் புதுக்கி வெளியிட்டார். 1890 அளவில் தேயிலை நிலம் இரண்டு இலட்சம் ஏக்கரைக் கடந்தது. இத்துணை விரைவான மீட்சிக்கு மண்ணும் மழையும் உழைப்பும் காரணமாதல் போல, நெடுங்காலமாகச் சேர்ந்திருந்த நம்பகமும் ஒரு காரணமாகும்.

இனி, இவ்வெழுத்தின் மறுபக்கத்தை நோக்குவோம். தனது சேனையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டதைக் கண்டிக் கிராமத்தவன் படிக்கவில்லை. கிராமங்கள் இழந்த நிலத்தின் அளவு குறித்து வரலாற்றறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் விற்பனை எழுத்தில் அவன் குரல் இல்லை என்பதில் ஐயமில்லை. மன்னாரிலிருந்து தம்புளை, மாத்தளை வழியாக நடந்துவந்த தமிழகத் தொழிலாளர் பலர் பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மடிந்தனர். விற்பனை எழுத்தில் அவர்கள் மனிதராக அன்றி, ‘தொழிலாளர் வசதி’ என்னும் ஒரு சிறப்பியல்பாகவே இடம்பெற்றனர்: நல்ல மண், நல்ல நீர், போதிய கூலியாட்கள். பெர்கியூசன் அச்சகம் சின்னத்துரைமாருக்கென வெளியிட்ட தமிழ்க் கைந்நூலின் பெயர் ‘இங்கே வா’ என்பதாகும். அந்த நூலகம் முழுவதும் தமிழுக்குக் கிடைத்த இடம் யாது என்பதை அப்பெயரொன்றே உணர்த்தும்.

கண்டியில் தமிழ் அச்சு இல்லாமலில்லை. 1882 இல் சித்தி லெப்பை ‘முஸ்லிம் நேசன்’ இதழைக் கண்டியிலிருந்தே வெளியிட்டார். ஆயினும் தோட்டத்துத் தமிழர், தாம் வெட்டித் திருத்திய மலைகளைப் பற்றிய தம் கணக்கை வாய்மொழியிலேயே வைத்திருந்தனர். பின்னாளிற் சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்கள் அக்கணக்கின் ஒரு பகுதியாகும். காணியின் விலையை அக்கணக்கு ஒருபோதும் தீண்டவில்லை.

இன்றும் கண்டியைச் சூழ்ந்த குன்றுகள் துண்டு துண்டாக விற்பனையாகின்றன. ஏலமணிக்குப் பதிலாக முகநூலில் ஒரு படமும் இரு வரிகளும் வருகின்றன. பத்துப் பேர்ச்சஸ், நகருக்கு அண்மை, அழகிய காட்சி என்பதோடு அறிவித்தல் முடிகிறது. உறுதியின் வரலாறு, பாதையின் அகலம், நீர் வழி, சரிவின் தன்மை, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடம் கூறுவது ஆகியன இரு வரிகளில் அடங்கா. இவற்றை விரிவாகவும் தொடர்ந்தும் எழுதும் விற்பனையாளனே, படம் மறந்துபோன பின்னரும் நம்பப்படுவான். குறையையும் சேர்த்து எழுதுபவனது நிறை பற்றிய சொல்லுக்கு மதிப்புண்டு.

எனினும் விரிவாக எழுதுதல் மட்டும் போதாது. யாருக்காக எழுதப்படுகிறது, யாரை விடுத்து எழுதப்படுகிறது என்பதும் நோக்கற்பாலது. கண்டிச் சீமைக் காணிகளைப் பற்றி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக எத்துணையோ பக்கங்கள் அச்சேறிவிட்டன. அக்காணிகளைத் திருத்தியவர் வழித்தோன்றல்களுட் பலர், தாம் வாழும் லயன் காம்பிராவுக்கு ஒரு பக்க உறுதியேனும் இன்றி இன்றும் காத்திருக்கின்றனர். கண்டிக் காணியைப் பற்றி இன்னும் எழுதப்படாத எழுத்து அதுவேயாகும்.