ஸ்ட்ராங்மேன் சாம்பியன்ஸ் லீக்

பல நாடுகளில் சுற்றுச் சுற்றாக நடக்கும் பளுவீரர் போட்டித் தொடர். பின்லாந்தின் இல்க்கா கின்னுனென், நெதர்லாந்தின் மார்செல் மோஸ்டெர்ட் ஆகியோர் 2008இல் தொடங்கினர். சர்வதேசப் பளுவீரர் கூட்டமைப்பின் போட்டிகள் அப்போதுதான் நின்றுபோயிருந்தன. அதனால், ‘உலகின் மிக வலிமையான மனிதர்’ போட்டிக்கு வெளியே, ஆண்டு முழுவதும் மோதிப் பார்க்க வீரர்களுக்கு ஒரு களம் தேவைப்பட்டது.

சுற்றுகள் பெரும்பாலும் ஐரோப்பிய நகரங்களில் நடக்கின்றன. ஒரு சுற்றில் பல பந்தயங்கள் உண்டு: மரத்தண்டு தூக்குதல், இரு கைகளிலும் பாரம் சுமந்து ஓடுதல், லாரி இழுத்தல் போன்றவை. பத்துப் பேர் மோதினால் ஒவ்வொரு பந்தயத்திலும் முதல்வருக்குப் 10 புள்ளி, கடைசி வீரருக்கு 1. சுற்றுகளில் பெறும் இடங்களைக் கொண்டே ஆண்டின் ஒட்டுமொத்தச் சாம்பியன் முடிவாகிறார். ஆகவே ஒருநாள் வெற்றி போதாது. காயமின்றி அடுத்த ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். தொடரின் உண்மையான கடினம் இதுவே.

கண்கொள்ளாக் காட்சி அட்லஸ் கற்கள். முன்கைகளில் பிசின் பூசிய வீரர், 100 கிலோவைத் தாண்டும் கான்கிரீட் உருண்டையை முதலில் மடியில் ஏற்றி, மூச்சைப் பிடித்து, மார்போடு உருட்டி மேடையில் வைப்பார். ‘ஹெர்குலிஸ் பிடி’யில் சாயும் இரு தூண்களை அசையாமல் பிடித்து நிற்க வேண்டும். கிரெனடாவில் பிறந்த பிரிட்டிஷ் வீரர் மார்க் ஃபீலிக்ஸ், ஐம்பது வயதைக் கடந்த பின்னும் அதில் இளைஞர்களைத் திணறடித்தார்.