வளைகுடாவில் நம்ம ரூபாய்

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் காலேஜ்காரர்கள் நாலு பேர் சந்தித்தால் முதல் கேள்வி, "இன்னிக்கு ரேட் என்ன?" என்பதுதான். "சாப்பிட்டாச்சா" எல்லாம் அப்புறம். ஒரு திர்ஹாமுக்கு 20 ரூபாய்க்கு மேல் கிடைக்கிற இந்தக் காலத்தில், துபாயில் ஒரு சமயம் நம்ம ரூபாயேதான் புழங்கியது என்று சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டாம், நிஜம்தான்.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலிருந்தே குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய், அபுதாபி, மஸ்கட் எங்கும் இந்திய ரூபாய் செல்லும். முத்து, அரிசி, துணி என்று வியாபாரம் முழுக்க பம்பாயோடு. 1947க்குப் பிறகும் இது மாறவில்லை. அங்கே வேலைக்குப் போனவர் சம்பள நோட்டை அப்படியே மடித்து ஊருக்குக் கொண்டுவரலாம்.

கெடுத்தது தங்கம். இந்தியாவில் தங்க இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, துபாயில் ஒன்றும் கிடையாது. ரூபாய் நோட்டைக் கட்டுக்கட்டாக அங்கே கொண்டுபோய்த் தங்கம் வாங்கிக் கள்ளத்தனமாகக் கரை சேர்த்தார்கள். அந்த நோட்டுகள் அங்குள்ள பாங்குகள் வழியாக நம் ரிசர்வ் பாங்குக்கே திரும்பி வரும். பதிலுக்கு பிரிட்டிஷ் பவுண்டு கொடுத்தாக வேண்டும். அந்நியச் செலாவணிக்கே தட்டுப்பாடாக இருந்த நேரம் அது.

1959 மே மாதம் சட்டத்தைத் திருத்தி, வளைகுடாவுக்கென்றே 1, 5, 10, 100 ரூபாய் நோட்டுகளை அடித்தார்கள். டிசைன் அதேதான். நிறம் வேறு, எண்ணுக்கு முன்னால் 'இஸட்' எழுத்து. இந்தியாவுக்குள் செல்லாது. சாதா நோட்டை அங்கே கொடுத்துப் பவுண்டு வாங்கும் வழி அடைபட்டது. நம் பாஷையில் சொன்னால், பைப் லைனில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு!

குவைத் 1961லும் பஹ்ரைன் 1965லும் சொந்த தினாருக்குப் போய்விட்டன. மற்றவர்கள் இருந்தார்கள். 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. டாலர் 4.76லிருந்து 7.50 ஆனது. வளைகுடா நோட்டும் அதே ரூபாய்தானே, அதுவும் கூடவே இறங்க வேண்டியதுதான்.

கத்தாரும் துபாயும் ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாள் சவூதி ரியாலை வைத்துச் சமாளித்து, அந்த வருஷமே சொந்த ரியால் வெளியிட்டன. அதன் மதிப்பு, இறங்குவதற்கு முந்தைய நம் ரூபாயின் மதிப்பு. மஸ்கட்டோ 1970 வரை வளைகுடா ரூபாயை விடவில்லை. விளைவைப் பாருங்கள்: துபாய்க்காரர் கையில் 100 ரியால் என்றால் ஏழரைப் பவுண்டு. மஸ்கட்டில் 100 ரூபாய் வைத்திருந்தவருக்கு 4.76 பவுண்டுதான். அவர் செய்த தப்பு எதுவும் இல்லை, சம்பளம் எந்த நோட்டில் வந்தது என்பது மட்டுமே வித்தியாசம்.

1973 மே மாதம் வந்த திர்ஹாம் அந்த ரியாலுக்குச் சரிக்குச் சரியாக மாற்றப்பட்டது. ஆக திர்ஹாம் என்பது 1966 ஜூனுக்கு முந்தைய நம்ம ரூபாயின் வாரிசு. வாரிசு இன்று டாலருக்கு 3.6725 என்று அசையாமல் நிற்கிறது. மூலவர் 2022லேயே 80ஐத் தாண்டிவிட்டார்!

நான் கேட்பது இன்றைய ரேட்டை அல்ல, ரேட் புரண்டால் நஷ்டம் யார் தலையில் என்பதை. 1975ல் வெளிநாட்டு இந்தியர்கள் பவுண்டிலும் டாலரிலுமே நம் பாங்குகளில் டெபாசிட் போடலாம் என்று எஃப்.சி.என்.ஆர். வந்தபோது அந்த நஷ்டத்தை ரிசர்வ் பாங்கு ஏற்றது. 1991ல் ரூபாய் மறுபடி இறங்கியபோது அந்தச் சுமை கனமாக அழுத்தியது. 1993ல் வந்த புதுத் திட்டத்தில் அது பாங்குகள் தலைக்கு மாறியது. டெபாசிட் போட்டவருக்கு இரண்டிலும் கவலையில்லை. என்.ஆர்.இ. ரூபாய்க் கணக்கில் போட்டால் மட்டும் ரிஸ்க் முழுக்க நம்முடையது. அங்கே வட்டி கொஞ்சம் கூடத் தருவது அதற்காகத்தான்.