சுவிட்சைத் தொடாமல் ஒரு கோல்ட் பூட்

கணினி அடம்பிடித்து நின்றுவிட்டால் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துவோமே, என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அதை அமைத்தவர் டேவிட் பிராட்லி. ஃபுளோரிடாவின் போக்கா ரட்டோனில் ஐபிஎம் பி.சி.யை உருவாக்கிய குழுவில் ஒருவர். 1981 ஆகஸ்டில் வெளிவந்த அந்தப் பெட்டியில் ரீசெட் பொத்தான் கிடையாது. டெலீட் இருக்கும் இடத்தில் முதலில் எஸ்கேப்பைத்தான் வைத்திருந்தார். இடக்கை மட்டுமே தவறிப்போய் அழுத்திவிடும் என்று மாற்றினார்கள். நல்ல காரியம்.

இந்த மூன்று விசையால் நடப்பது வார்ம் பூட். மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் கோல்ட் பூட். பிரெஞ்சில் 'தெமராஜ் ஆ ஃப்ருவா' என்பார்கள். மார்கழிக் காலையில் காரைக் கிளப்புவதற்கும் அதே சொல்தான்.

வித்தியாசம் என்னவென்றால், கோல்ட் பூட்டில் நினைவகம் முழுதும் சோதிக்கப்படும். 640 கிலோபைட்டையும் எண்ணி முடிக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். வார்ம் பூட்டில் அந்தச் சோதனை இல்லை. எது எதுவென்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? நினைவகத்தில் 0040:0072 என்ற முகவரியில் 1234 என்ற பதினாறடிமான எண் இருந்தால் வார்ம். மின்சாரம் போனால் அந்த எண்ணும் போய்விடும்; ஆகவே கோல்ட். எங்கள் பழைய கோப்புகளின் மேலட்டைக் குறிப்பு மாதிரி எளிய ஏற்பாடு!

நினைவகச் சில்லின் மேல் சந்தேகம் வந்தால் சோதனை வேண்டும். அப்போது டாஸில் டீபக் என்று தட்டி, சிறுகோடு வந்ததும் 'E 40:72 0 0' என்று அந்த இடத்தைச் சுழியாக்கி, அடுத்து 'G=FFFF:0' என்பார்கள். மின்சாரம் வந்ததும் 8088 சில்லு முதலில் போய் நிற்கும் முகவரி அதுதான். முதல் வரியை விட்டுவிட்டால், முன்பு எப்போதோ மூன்று விசை அழுத்தியபோது பதிந்த 1234 அங்கேயே கிடக்கும், சோதனை நடக்காது.

ஆபத்தும் உண்டு. 1993-இல் வந்த எம்.எஸ். டாஸ் 6-இல் ஸ்மார்ட்டிரைவ், வட்டில் எழுத வேண்டியதைச் சற்று நேரம் கையில் வைத்திருந்து பிறகு எழுதும். மூன்று விசை அழுத்தினால் அது விழித்துக்கொண்டு எழுதி முடித்துவிடும். டீபக்கிலிருந்து குதித்தால் அதற்குத் தெரியாது. அப்போதுதான் சேமித்த சம்பளப் பட்டியல் பாதியில் போகும். அதனால் விவரமறிந்தவர்கள் முதலில் 'SMARTDRV /C' என்று அடித்து, வட்டின் விளக்கு அணைந்த பிறகே டீபக்கைத் தொடுவார்கள்.