4 வோட்டில் தொடங்கிய கதை

"சேர், பழைய சீபி ரேடியோ ஒன்று கைக்கு வந்திருக்கு. காரில் பூட்டுற பழைய அம்ப் ஒன்றும் எடுக்கலாம் எண்டு இருக்கன். எது நம்பிக்கையானது?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

அமெரிக்காவில் 1958இல் 27 மெகாஹேர்ட்ஸ் பகுதியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 23 அலைவரிசைகள், 4 வோட் வலு. பல ஆண்டுகள் அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அடுத்த ஆண்டு வேகக் கட்டுப்பாடு மணிக்கு 55 மைல் ஆனது. எங்கே டீசல் இருக்கிறது, எங்கே பொலிஸ் நிற்கிறது என்று லொறிச் சாரதிகள் சீபியில் பேசத் தொடங்கினார்கள். நாடே வாங்கியது. 1977இல் அலைவரிசைகள் 40 ஆகின.

கூட்டம் கூடினால் சத்தம் போடத்தானே வேண்டும்? அப்படி வந்ததுதான் லீனியர் அம்ப். முதலில் வால்வு, பிறகு ட்ரான்சிஸ்டர். இவற்றின் இரண்டாம் மடங்கு அலை 54 மெகாஹேர்ட்ஸில், அங்குள்ள 2ஆம் அலைவரிசைத் தொலைக்காட்சியில் போய் விழுந்தது. நான்காம் மடங்கு 108ஐத் தாண்டி, விமானங்களுக்கு வழிகாட்டும் பகுதிக்கே போய்விடும். 1978இல் அவற்றின் உற்பத்தியையும் விற்பனையையும் அமெரிக்கா தடை செய்தது.

இனி கணக்குக்கு வருவோம். கேட்பவரின் மீட்டரில் ஒரு படி ஏற, வலுவை 4 மடங்காக்க வேண்டும். 4 வோட்டை 16 ஆக்கினால் ஒரு படி, 64 ஆக்கினால் இரண்டு படி. அவ்வளவுதான். 100 வோட் வெளியே போக வேண்டுமென்றால், பாதி வெப்பமாகப் போவதால், 13.8 வோல்ட்டில் ஏறத்தாழ 15 அம்பியர் இழுக்கும். மெல்லிய வயர் சூடாகும், ஃபியூஸ் போகும்.

ஆகவே பழைய அம்ப் எடுப்பவர் வோட்டைப் பார்க்காமல் உள்ளே திறந்து பார்க்க வேண்டும். 2எஸ்சி2879 போன்ற அக்கால ட்ரான்சிஸ்டர்களின் தயாரிப்பு நின்றுவிட்டது, சந்தையில் போலிகள் அதிகம். அசல் பாகம் இருக்கிறதா? இரட்டை மடங்கு அலையைத் தடுக்கும் வடிகட்டி இருக்கிறதா? ரிலே முனை கருகியிருக்கிறதா? பலகையில் ஈயம் மறுபடி ஒட்டிய அடையாளம் உண்டா? இதைவிட முக்கியம் அன்டெனா. 11 மீற்றர் அலைக்கு கால் அளவு என்றால் 2.75 மீற்றர். நல்ல கம்பியை உயரத்தில் கட்டினால் அம்ப் இல்லாமலே பாதி வேலை முடியும்.

இதையெல்லாம் நாவற்குடாவில் இருந்துகொண்டு ஏன் எழுதுகிறேன்? 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி மட்டக்களப்பை வெளியுலகிலிருந்து துண்டித்தது. 2004 டிசம்பர் 26 காலை கல்லடியையும் நாவலடியையும் கடல் எடுத்தபோது, யார் இருக்கிறார், யார் இல்லை என்று கேட்டறிய வழியில்லாமல் தவித்தோம். அதே நாட்களில் அம்பாந்தோட்டையில் விக்டர் குணத்திலக்க தலைமையிலான அமெச்சூர் வானொலிக்காரர்கள் பற்றரியில் இயங்கும் சிற்றலைக் கருவிகளோடு போய் கொழும்புக்குத் தொடர்பு கொடுத்தார்கள். அந்தமானில் பாரதி பிரசாத்தும் அதையே செய்தார். அவர்கள் கையில் இருந்தது பெரிய வலு அல்ல. பயிற்சியும், அனுமதிப்பத்திரமும், ஒழுங்கான அன்டெனாவும்தான்.

நம் நாட்டில் 1991ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி, அனுமதியின்றி வானொலிக் கருவியை இயக்க முடியாது. அதனால் அந்தத் தம்பிக்கு என் பதில்: அம்ப் வாங்கும் காசை வைத்திரு. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அமெச்சூர் பரீட்சைக்குப் படி. அடுத்த வெள்ளமோ புயலோ வரும்போது, இந்த வாவிக் கரையில் ஒருவராவது சட்டப்படி பேசத் தெரிந்தவராக இருக்கட்டும்.

78 சூறாவளி நேரம் ஊரில் செய்தி எப்படி வந்தது, எப்படிப் போனது என்று நினைவிருக்கும் பெரியவர்கள் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.