தேய்ந்த காசும் பதியாத காசும்

திருவாரூருக்கு வடகிழக்கே தரங்கம்பாடியில் 1620-இல் கோட்டை கட்டிய டேனிஷ்காரர், 1845-இல் அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றனர். அவர்கள் வெளியிட்ட செப்புக் காசுகள் பல இன்று மழுங்கிக் காணப்படுகின்றன. பல கைகள் பட்டுத் தேய்ந்தவை என்று உடனே சொல்லிவிடுகிறோம். அஃது எப்போதும் உண்மையன்று.

அவை சுத்தியலால் அடித்துப் பதித்தவை. அடி சாய்ந்து விழுந்தால் மன்னரின் பெயர்ச்சின்னம் ஒருபுறம் தெளிந்து நிற்கும். மறுபுறம் பிறவியிலேயே மங்கியிருக்கும். அவ்விடத்திற்கு நேர் பின்புறமும் பெரும்பாலும் மங்கலே. தேய்மானமோ மேட்டைத்தான் முதலில் தின்னும். மகுடத்தின் முகடு வழவழப்பாகும். பள்ளத்துக் கோடுகள் தப்பி நிற்கும். சாய்வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: பதியாத இடத்தில் அந்த வழவழப்பு இராது, அடிபடுமுன் தகட்டில் இருந்த சொரசொரப்பே எஞ்சியிருக்கும். ஆங்கிலக் கும்பினியார் பர்மிங்காமில் நீராவிப் பொறியால் அச்சிடுவித்த 1803-ஆம் ஆண்டுச் சென்னைக் காசுகளில் இத்தகைய சாய்வு அரிது.

தேய்ந்த காசு சந்தைக்குச் சாட்சி. பதியாத காசு அக்கசாலைக்குச் சாட்சி. இரண்டையும் மாற்றிக்கொண்டால், பானையில் புதைந்தே கிடந்த காசை ஊரெல்லாம் சுற்றியதாக எழுதிவிடுவோம். நம் வீடுகளிலோ பழங்காசு கிடைத்தவுடன் புளியிட்டுத் துலக்குகிறார்கள்! அப்படிப் பளபளக்கும் காசில் இவ்வேறுபாட்டைக் காண்பது மிக அரிது.