கறவைக் கொட்டிலில் தொடங்கிய நோயறிதல்

1984 டிசம்பர் 22 அன்று இங்கிலாந்தின் மேற்கு சஸெக்ஸில் உள்ள பிட்ஷம் பண்ணைக்குக் கால்நடை மருத்துவர் டேவிட் பீ அழைக்கப்பட்டார். 133 என்ற எண்ணிட்ட பசு முதுகைக் கூனி நின்றது, உடம்பும் இளைத்திருந்தது. போகப் போகத் தலை நடுங்கியது, கால்கள் பின்னின. 1985 பிப்ரவரி 11 அன்று அது செத்தது. 1985 செப்டம்பரில் அதே பண்ணையின் இன்னொரு பசுவின் மூளையை வேபிரிட்ஜ் அரசு ஆய்வகம் பரிசோதித்தது. கடற்பஞ்சு போன்ற துளைகள் கண்ணில் பட்டும், ஏதோ நச்சின் விளைவு என்று விட்டுவிட்டார்கள். 1986 நவம்பரில் வேறு மந்தைகளின் மூளைகளிலும் அதே துளைகளைக் கண்ட பிறகுதான் இது புதிய நோய் என்பது தெளிந்தது. மாட்டுப் பித்து நோய் என்று பின்னாளில் உலகம் அறிந்த இதைக் கண்டறிந்த பெருமை வழக்கமாக நுண்ணோக்கிக்கே போகிறது. அதில் சரிபாதி மாட்டுக்காரனுக்கும் கிராமத்து மருத்துவருக்கும் சேர வேண்டும் என்பேன்.

காரணம் எளிது. இந்த நோய் உடலில் எதிர்ப்புப் பொருளை உண்டாக்குவதில்லை. அதனால் உயிரோடிருக்கும் மாட்டின் ரத்தத்தில் தேட எதுவும் இல்லை. மிச்சமிருந்தது மாட்டின் நடத்தைதான். தினம் இருவேளை தானாகக் கறவைக் கொட்டிலுக்குள் நுழையும் பசு வாசலில் தயங்கும், தரையில் ஓடும் சிறு சாக்கடையைத் தாண்டக் காலை அளவுக்கு மீறித் தூக்கும், கறவை இயந்திரத்தைப் பொருத்தினால் உதைக்கும், சின்ன ஓசைக்கும் துள்ளும், அசைபோடுவது குறையும், பின்னங்கால்கள் தள்ளாடும். மெக்னீசியக் குறைவும் கீட்டோசிஸ் என்ற வளர்சிதை மாற்றக் கோளாறும் ஏறக்குறைய இதே தோற்றம் காட்டக்கூடியவை. ஆகவே மருத்துவர்கள் முதலில் மெக்னீசியமும் குளுக்கோஸும் ஏற்றினார்கள். அதற்குத் தேறினால் பழைய நோய். தேறாமல் வாரக்கணக்கில் மோசமானால் வேறொன்று. இந்தக் காத்திருப்பும் ஒரு பரிசோதனைதான்.

கண்ணை நம்ப முடியாது என்று சொல்லலாம். சந்தேகத்தின் பேரில் கொல்லப்பட்ட மாடுகளில் கணிசமானவற்றுக்கு இந்த நோய் இல்லை. முகுளத்தின் குறிப்பிட்ட நரம்புக் கருக்களில் இருபுறமும் ஒத்த துளைகளைப் பார்த்தே இறுதி முடிவு சொன்னார்கள். இது உண்மை. ஆனால் எந்த மூளையை வெட்டிப் பார்ப்பது என்று ஆய்வகத்துக்குச் சொன்னதே அந்தக் கண்தான். 1985இல் துளைகள் தெரிந்தும் நோய் தெரியாமல் போனது, அவற்றைப் பிற மந்தைகளின் தள்ளாட்டத்தோடு சேர்த்துப் பார்க்க அன்று யாருக்கும் வழியில்லாததால்தான். பண்ணைகளிலிருந்து வந்த இத்தகைய தகவல்களைக் கோத்துத்தான் தொற்றுநோயியலாளர் ஜான் வைல்ஸ்மித்தின் குழு 1987 முடிவதற்குள் இறைச்சி-எலும்புத் தூள் கலந்த தீவனமே காரணம் என்ற முடிவுக்கு வந்தது. 1988 ஜூலையில் அசைபோடும் கால்நடைகளுக்கு அந்தத் தீவனம் தடைசெய்யப்பட்டது.

இதைவிட வலுவான மறுப்பு இன்னொன்று உண்டு. நோய் வெளிப்படச் சராசரியாக 5 ஆண்டு ஆகும். அதற்குள் பெரும்பாலான மாடுகள் இறைச்சிக்குப் போய்விடும். அங்கே எவ்வளவு கூர்ந்த கண்ணும் உதவாது. மாட்டுக்காரனின் பார்வைக்கும் நியாயமான ஊக்கம் கிடைக்கவில்லை: 1988 ஆகஸ்டில் நோய் உறுதியான மாட்டுக்குப் பாதி விலைதான் ஈடாகத் தரப்பட்டது, முழு விலை 1990 பிப்ரவரியில்தான் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் இறைச்சிக் கூடங்களில் வயதான மாடுகளின் மூளைத்தண்டை விரைவுச் சோதனைக்கு உட்படுத்தியது அறிகுறி தெரியுமுன் இறைச்சிக்குப் போகும் மாடுகள் கண்ணுக்குத் தப்பும் குறையை நிரப்பத்தான். அதற்குள் பிரிட்டனில் 1,70,000க்கும் மேற்பட்ட மாடுகளில் நோய் உறுதியாகியிருந்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பண்ணையில் யாரோ ஒருவர் சந்தேகப்பட்டுச் சொன்னவை.