வாவியை வெட்டியவர் யார்?

கண்டி வாவியின் எழிலைப் புகழாதார் இல்லை. அதை வெட்டிய கரங்களை நினைப்பார் சிலரே. தலதா மாளிகையருகே வயலாய்க் கிடந்த நிலத்தை வாவியாக்கியவன் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். அந்நகரையே ஓர் ஏடாக வாசித்த புவியியலறிஞர் ஜேம்ஸ் டங்கன், 1990இல் வெளியிட்ட நூலில் ஓர் உண்மையைக் காட்டினார்: மன்னன் அங்கே இந்திரபுரியைக் கண்டான், குடியானவனோ ஊதியமற்ற கட்டாய உழைப்பையே கண்டான். 1815இல் ஆங்கிலேயர் படையெடுத்தபோது மன்னனைக் காக்க மக்கள் திரளவில்லை.

பின்னர், சூழ்ந்திருந்த மலைகளைத் தோட்டமாக்கியவன் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளி. 1948ஆம் ஆண்டுச் சட்டமோ அவனை நாடற்றவனாக்கியது. 2003இல் இயற்றிய சட்டமே எஞ்சியோர்க்குக் குடியுரிமை அளித்தது.

மாணவரைக் கண்டிக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், வாவியைக் காட்டுவதோடு நில்லாது, அதை வெட்டியவர் யார் என்றும் கேட்கட்டும்.